எத்தனை தடவை அமுக்கினீங்க?

தண்ணீரில் மூழ்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவர்களிடம் என் அண்ணி கேட்கும் முதல் கேள்வி அது. ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீர்களா என்று கேட்கமாட்டாள். கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். எத்தனை தடவை என்று கேட்டால், யோசிக்காமல் வாயில் ஒரு எண் வந்துவிடும்.

நான் ஊர் சுற்றக் கிளம்பியபோது அண்ணனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. நாலு வருஷம் கழித்து வந்து இறங்கினால், வீட்டின் முன்னறை ஒர்க்‌ஷாப்பாக மாறியிருந்தது. சோபா இருந்த இடத்தில் ஒரு கிளட்ச் பிளேட் காய்ந்துகொண்டிருந்தது. தையல் மெஷின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த பெண் மோட்டார் சைக்கிளுக்கு வந்த கதை எனக்கு அதற்குமேல் தெரியாது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அவளுக்கு ஒரு தழும்பு உண்டு. சைலன்சர் சுட்டது என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

வெள்ளம் வடிந்த சனிக்கிழமை காலையில் வாசலில் பதினோரு வண்டிகள் நின்றன. கடைசியாக வந்தவர் கூரியர்காரர். பின்னாலிருந்து அவர் மனைவி தள்ளிக்கொண்டு வந்தார்.

"எத்தனை தடவை அமுக்கினீங்கண்ணே?"

"ஒரு தடவைகூட இல்லம்மா. சாவியே போடல. திங்கக்கிழமை காலையில வண்டியோட போய் நிக்கணும். இல்லன்னா என் லைன வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. பதினாலு வருஷமா நான் போற லைனு."

அந்த அம்மாள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி பெட்ரோலை வடித்தாள். ஆயிலைத் திறந்தாள், பால் அதிகமான டீ மாதிரி வந்தது. பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னாள். நான் சுற்றியதும் பிளக் இருந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் என் முகத்திலேயே அடித்தது.

"நாலு வருஷம் உலகத்தைச் சுத்தின. ஒரு சக்கரம் சுத்தும்போது தள்ளி நிக்கணும்னு தெரியல பாரு."

பிறகு ஒரு பழைய சைக்கிள் கம்பியை எடுத்தாள். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு கோடு அதில் அரத்தால் போடப்பட்டிருந்தது. கம்பியை ஓட்டைக்குள் விட்டு, பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடத்தைப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், நசுங்காத தண்ணீரில் பிஸ்டன் முட்டும். அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வளைந்தால் பிஸ்டன் முழு உயரத்துக்கு வராது. கோடு ஒரு மயிரிழை தப்பியிருந்தது. பழைய வண்டி, தேய்மானமாகவும் இருக்கலாம்.

"எஞ்சினப் பிரிக்கவா?" என்றேன்.

"பிரிச்சா புதன்கிழமை ஆயிடும். இவர் தொடலன்னா பிரிக்கவே வேணாம், நாளைக்கே குடுத்துடலாம்." கூரியர்காரர் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்கண்ணே."

"அதான் சொன்னேனேம்மா, தொடவே இல்லன்னு."

அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். சட்டைக் கையை மடித்தாள்.

"என் முதல் வண்டி ஒரு சுரங்கப்பாதையில முழுகிச்சு. நாலு தடவை அமுக்கினேன். எனக்கு வேலை சொல்லிக் குடுத்த மெக்கானிக்கிட்ட, தொடவே இல்லன்னு அடிச்சுச் சொன்னேன். என் பேச்ச நம்பி அவர் பிரிக்கல. பத்தொம்போது நாள் நல்லா ஓடுச்சு. அப்புறம் மெயின் ரோட்டுல ராடு ஒடஞ்சு எஞ்சினப் பொத்துக்கிட்டு வந்துச்சு. சக்கரம் அப்படியே பூட்டிக்கிச்சு. இது ரோடு தேச்சது, சைலன்சர் இல்ல." என்னை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "தன் வேலையிலதான் ஏதோ தப்புன்னு அவர் ஒரு வருஷம் பொலம்பினார். அப்பவும் நான் வாயத் திறக்கல."

கூரியர்காரர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு தடவை... லேசாத்தான்."

"அஞ்சு," என்றார் மனைவி, நிமிராமலே. "அப்புறம் மச்சினனக் கூப்பிட்டு ஒதைக்க வேற சொன்னார்."

"நீ சும்மா இரு!"

"ரோட்டுல பறக்கப்போறது நீங்க. நான் எதுக்குச் சும்மா இருக்கணும்?"

அண்ணி சிரித்துவிட்டாள். எழுந்துபோய் ஆணியில் தொங்கிய தன் சொந்த வண்டிச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"திங்களும் செவ்வாயும் இதுல போங்க. உங்க ஆளுங்களுக்கு வண்டிதானே வேணும்? தண்ணியப் பார்த்தா எறங்கித் தள்ளுங்க. நின்னுபோச்சுன்னா தொடாதீங்க, போன் பண்ணுங்க."

செவ்வாய் மாலை, லைனை முடித்துக்கொண்டு அவர் நேராக இங்கேதான் வந்தார். அண்ணி கழற்றிய ராடின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். நடுவில் நூலளவு வெளிச்சம் தெரிந்தது. அவர் அந்த ராடைக் கேட்டு வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை புது ராடு போட்டு, ஆயிலை இரண்டு முறை ஊற்றி வடித்து, மூன்றாவது முறை நிறம் மாறாமல் நின்றபின் அண்ணி வண்டியை வாசலில் இறக்கினாள். கூரியர்காரர் சாவிக்குக் கை நீட்டினார். அண்ணி சாவியை வண்டியில் போட்டுவிட்டு, அவரைத் தாண்டி அந்த அம்மாளைக் கூப்பிட்டாள்.

"நீங்க அமுக்குங்கக்கா."

அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பட்டன்மேல் கட்டைவிரலை வைத்தார்.

"எத்தனை தடவை அமுக்கணும்?"

"ஒரு தடவை போதும்."

போதுமாகத்தான் இருந்தது.