வசந்தாக்கா கூப்பிட்டதை வெட்டிய படம்: பாலசமுத்திரம், திருப்பதி, இரண்டு நாள்

இந்தப் பயணம் தேவையில்லை என்று சொன்னவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆவணப்படத்தை வெளியிடுவதற்கு முன், அதில் வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டுமா? இதில் இரண்டு கட்சி உண்டு. காட்டினால் ஆளுக்கொன்றாக “என் மூக்கு சரியில்லை, அதை எடு” என்பார்கள், படம் தேறாது என்பது ஒரு கட்சி. முகம் அவர்களுடையது, வீடு அவர்களுடையது, அவர்கள்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று. நான் முதல் கட்சி. இயக்குநர் நிவேதா இரண்டாவது. இருவரும் ஒரே கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு அதை விட்டு ஓடிவந்தவர்கள். அவள் படம் எடுக்கிறாள், நான் எடிட் செய்கிறேன். சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலசமுத்திரம் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு குடும்பத்தின் மாங்காய் சீசனைப் பற்றிய 52 நிமிடப் படம். போன மாதம் ஒரு ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் திருப்பதியில் ஒரு சிறிய திரைப்பட வட்டத்தில் முதல் திரையிடல். முந்தைய நாள் ஊரில் காட்டிவிட்டுப் போவோம் என்றாள். போனோம்.

வழி சுலபம். சென்னை சென்ட்ரலில் காலை புறநகர் ரயில், திருத்தணி வரை 25 ரூபாய், இரண்டு மணி நேரம். அங்கிருந்து பள்ளிப்பட்டு பஸ், சுமார் நாற்பது கி.மீ., ஒன்றேகால் மணி நேரம். பள்ளிப்பட்டிலிருந்து ஆட்டோ. நானூறு கேட்டார், முந்நூறுக்கு வந்தார். எல்லை தாண்டியதும் பலகைகளில் எழுத்து மாறும், பேச்சு மாறாது.

“ஷூட்டிங்கா சார்?” என்றார் ஓட்டுநர்.

“எடுத்து முடிச்சாச்சுண்ணா. காட்டப் போறோம்.”

“ஹீரோ யாரு?”

“மாங்கா.”

“மாங்காக்கே மார்க்கெட் இல்ல சார், படத்துக்கு இன்னா இருக்கப் போவுது?” என்று சிரித்துக்கொண்டே ஹாரன் அடித்தார். எங்கள் படத்துக்கு வந்த முதல் விமர்சனம்.

வீட்டுக்காரர் குப்புசாமி, அவர் மனைவி வசந்தாக்கா, குப்புசாமியின் தம்பி சுப்பிரமணி. தோப்பு மூவருடைய உழைப்பு; மரமெல்லாம் பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாங்காய். படப்பிடிப்புக்கு நான் போகவில்லை. ஆனால் ஆறு மாதம் இவர்கள் முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். வசந்தாக்கா தும்முவதற்கு முன் மூக்கைச் சுளிப்பது வரை தெரியும். அவருக்கு என்னை யாரென்றே தெரியாது. விசித்திரமான வேலை இது.

“வா நைனா, மொதல்ல துன்னு” என்றார்.

“படம் முதல்லக்கா” என்றேன். மணி பன்னிரண்டரை. நான்கு மணிக்குள் கிளம்பினால்தான் வெளிச்சத்தில் திருப்பதி போகலாம். லேப்டாப்பை அவர்கள் டிவியில் மாட்டினேன். (எச்.டி.எம்.ஐ. கேபிளை நீங்களே கொண்டுபோங்கள்.)

படத்தின் பாணியை இங்கே சொல்ல வேண்டும். ஆவணப்படத்தைப் பல விதமாக எடுக்கலாம். ஆளை உட்காரவைத்துப் பேட்டி கண்டு, பின்னணிக் குரல் சேர்ப்பது ஒன்று. நடந்ததை மறுபடி நடிக்கச் சொல்லி எடுப்பது ஒன்று. எடுப்பவரும் படத்துக்குள் வந்து கேள்வி கேட்டுச் சண்டை போடுவது ஒன்று. நிவேதாவுடையது நான்காவது: கேமரா கம்மென்று நிற்கும், யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள், பேட்டி கிடையாது, இசை கிடையாது. நடப்பது நடக்கும். இதுதான் இருப்பதிலேயே நேர்மையான பாணி என்பது அவள் கட்சி. அதனால் யாராவது லென்ஸைப் பார்த்தாலோ படக்குழுவிடம் பேசினாலோ வெட்டிவிடுவேன். சிக்னலை வைத்துக்கொள், நாய்ஸை எடு. கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததே அதுதான்.

எங்களுக்கு இருந்த ஒரே பயம், மோட்டார் தண்ணீர் யார் முறை என்று அண்ணனும் தம்பியும் போட்ட சண்டை. எடுக்கச் சொல்வார்களோ என்று நிவேதா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன்பே வந்தது வம்பு. அறுவடை நாள், தோப்பு நிழலில் குடும்பம் உட்கார்ந்து களியும் வேர்க்கடலைத் துவையலும் சாப்பிடும் காட்சி. வெட்டே தெரியாமல் மூன்று நிமிடம் ஓடும். நிவேதாவின் செல்லக் காட்சி.

“நிறுத்துப்பா” என்றார் வசந்தாக்கா. நிறுத்தினேன்.

“நான் கூப்ட்டது எங்க?”

“எதைச் சொல்றீங்கக்கா?”

நிவேதாவைக் கைகாட்டினார். “இந்தப் பாப்பாவ எத்தினி வாட்டி கூப்ட்டேன்! கேமரா புள்ளைக்கு என் கையால தட்டு குடுத்தேன். மைக் புடிச்ச புள்ள ரெண்டு வாட்டி களி வாங்கித் துன்னான். அதெல்லாம் எங்க பூட்ச்சி?”

“அதெல்லாம் எடுத்துட்டோம்கா. இந்தப் படத்தோட ஸ்டைல் அப்படி. எடுக்கிறவங்க இருக்கிறதே தெரியக் கூடாது. சுவத்துல பல்லி இருக்குமில்ல, அந்த மாதிரி.”

சுப்பிரமணி குறுக்கே வந்தார். “பல்லியே வாயத் தொறந்து சகுனம் சொல்லுது. நீங்க மூணு பேரு நின்னுகினு கம்முனு இருந்தீங்களாமா?”

வசந்தாக்கா சிரிக்கவில்லை. மகளுக்குத் திருப்பதியில் மாப்பிள்ளை முடிவாகியிருக்கிறது. மறுநாள் திரையிடலுக்குச் சம்பந்தி வீட்டாரை அவரே கூப்பிட்டிருந்தார். “வெயில்ல மூணு பேர நிக்க வெச்சிட்டு குந்திகினு துன்னுது பாரு இந்தப் பொம்பளன்னு நெனைப்பாங்க. என் பொண்ண அந்த வூட்டுக்கு அனுப்பணும்பா.”

“அவங்க மூணு பேரும் படத்துலயே இல்லையேக்கா. யாருக்குத் தெரியும்?”

“எடுத்தவன் இல்லாம படம் எப்படி வந்துச்சு? அவங்க இன்னா பச்சக் கொழந்தைங்களா?”

பதில் இல்லாதபோது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். “ஒப்புதல் படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்கக்கா” என்றேன். நிவேதா என் தொடையில் கிள்ளியது இன்னும் வலிக்கிறது.

“போட்டேன். இல்லன்னு சொன்னேனா? போய் காட்டிக்கோ. நான் வரல. அவங்களையும் வர வேணாம்னு சொல்லிர்றேன்.”

மிச்சப் படத்தையும் ஓட்டினேன். சண்டைக் காட்சி வந்ததும் குப்புசாமி அன்று முதன்முறையாக வாயைத் திறந்தார். “அது இருந்துட்டுப் போவட்டும். ஊருக்கே தெரியும்.”

“கேமரா இருந்துச்சு, அதான் அண்ணன் ஓங்குன கை பாதியில நின்னுச்சு” என்றார் சுப்பிரமணி. “இல்லாங்காட்டி அன்னிக்குச் செருப்பு பறந்திருக்கும்.”

“உன் மேலதான்டா பறந்திருக்கும்.”

முடிந்ததும் நான் கேபிளைச் சுருட்டினேன். வசந்தாக்கா இலையைப் போட்டார். “கோவம் படத்து மேல. சோத்து மேல இல்ல. குந்து.” சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, மாங்காய் ஊறுகாய். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். பிரமாதம்.

புத்தூரில் பஸ் மாறித் திருப்பதிக்கு எழுபது கி.மீ. சொச்சம், இரண்டரை மணி நேரம். பஸ் முழுக்க வாக்குவாதம். சாப்பாட்டுக் காட்சியையே தூக்கிவிடலாம் என்றாள் நிவேதா. தூக்கினால் அறுவடையிலிருந்து நேராகச் சண்டைக்குக் குதிக்கும், குடும்பமே சண்டைக்காரக் குடும்பமாகத் தெரியும் என்றேன். “கூப்பிடுறதைத் திருப்பிப் போட்டா ஸ்டைல் உடையும்டா. ஒரே ஒரு இடத்துல மட்டும் லென்ஸைப் பார்ப்பாங்க, தப்பு மாதிரி இருக்கும்.”

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் விடுதி, 1,200 ரூபாய் வீதம் இரண்டு அறை. வார இறுதியில் திருமலைக்கு வரும் கூட்டத்தில் அறை கிடைப்பதே பெரிது. முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். ஞாயிறு காலை இட்லி முடித்து லேப்டாப்பைத் திறந்தேன். அந்தக் காட்சியின் முழுப் பதிவு ‘கழிவு’ என்ற ஃபோல்டரில் கிடந்தது. பெயர் வைத்தது நான்.

போட்டுப் பார்த்தோம். வசந்தாக்கா நேராக லென்ஸைப் பார்க்கிறார். “வாங்க, ஒரு வாய் துன்னுங்க.” யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிடுகிறார். அப்புறம் தட்டோடு எழுந்து நம்மை நோக்கியே வருகிறார், முகம் ஃபோகஸ் இழந்து திரை முழுக்க நிறைகிறது. பக்கவாட்டிலிருந்து நிவேதாவின் கை நீள்கிறது. கேமரா குலுங்குகிறது, பிடித்திருந்தவன் சிரிக்கிறான்.

“நான் இருக்கேன்” என்றாள் நிவேதா, தன் கையைப் பார்த்து.

“எப்பவும் இருந்திருக்க. சுப்பிரமணிக்குத் தெரியும், குப்புசாமிக்குத் தெரியும். பார்க்கிறவங்ககிட்ட மட்டும்தான் மறைச்சோம்.”

இதற்கப்புறம் வரும் சண்டையைப் பார்க்கிறவர், பக்கத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள் என்று தெரிந்தே பார்ப்பார். குப்புசாமியின் கை ஏன் பாதியில் நிற்கிறது என்பது அப்போதுதான் புரியும். ஸ்டைல் உடைந்தால் உடையட்டும். வெட்டியதைத் திருப்பிச் சேர்த்து, ஒலி சரிசெய்து, முழுப் படத்தையும் மறுபடி எக்ஸ்போர்ட் செய்து முடிக்க மதியம் இரண்டாகிவிட்டது. வசந்தாக்காவுக்குப் போன் போட்டேன்.

“போட்டாச்சுக்கா. வாங்க.”

“நெசமா?”

“வந்து பாருங்க.”

“இப்பவே கார் வெச்சிகினு வரேன். அவங்களையும் வரச் சொல்லிர்றேன். நீ துன்னியா?”

ஐந்து மணிக்கு அறுபது நாற்காலியில் நாற்பது நிரம்பியிருந்தது. வசந்தாக்கா ஐந்தேகாலுக்கு, பட்டுப்புடவையில், மூச்சு வாங்க வந்தார். சம்பந்தி வீட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானை நுனியை முறுக்கத் தொடங்கினார். நான் திரையைப் பார்க்கவில்லை, அந்த முந்தானையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக் காட்சி வந்தது. திரையில் வசந்தாக்கா அரங்கத்தையே பார்த்து, “வாங்க, ஒரு வாய் துன்னுங்க” என்றார். இருட்டில் யாரோ சத்தமாகப் பதில் சொன்னார்கள்: “ஆச்சும்மா, இப்பதான் ஆச்சு!”

மாப்பிள்ளையின் அம்மா. சொல்லி முடித்த பிறகுதான் அது படம் என்று உறைத்து வாயைப் பொத்திக்கொண்டார். அரங்கமே வெடித்துச் சிரித்தது. வசந்தாக்கா முந்தானையை விட்டுவிட்டு அவர் தோளில் சாய்ந்து சிரித்தார். சண்டைக் காட்சிக்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. “எங்க வூட்லயும் இதே மோட்டார்தான்” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு: மாங்காய் சீசன் ஜூன், ஜூலை. பாலசமுத்திரம் பக்கம் தங்க இடம் கிடையாது. திருத்தணியிலோ திருப்பதியிலோ தங்குங்கள். ஏழு மணிக்கு மேல் கிளம்பும் ரயிலுக்கு முன்பதிவு செய்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். சம்பந்தி வீட்டில் எங்களை இரவுச் சாப்பாடு இல்லாமல் விடவில்லை. ரயில் போய்விட்டது, பஸ்ஸில் வந்தோம்.

படம் எடுக்க வருகிறவர்களுக்கு: வெளியிடுவதற்கு முன் போட்டுக் காட்டுங்கள். நான் கட்சி மாறிவிட்டேன். எடுத்துக்கொண்டிருக்கும்போது யாராவது சாப்பிடக் கூப்பிட்டால், கேமராவை நிறுத்தாமல் போய் உட்காருங்கள்.