மீன்காரத் தெருவின் முதல் கூடை

யாயே தியெந்தாவோடு வாய் கொடுத்து ஜெயித்தவர் ஜென்னே ஊரில் கிடையாது. அவளோடு காலங்காலமாகக் குடம் சுமந்தவள் நான், தெரிந்துதான் சொல்கிறேன். பேரம் பேச வருகிறவன் அவள் சொன்ன விலையையும் கொடுத்துவிட்டு, திட்டும் வாங்கிக்கொண்டு போவான். புருஷன் போன பிறகு கருவாடு போட்டு விற்றே பெண்களைக் கட்டிக்கொடுத்தாள். மண்ணால் கட்டிய பெரிய மசூதிக்குப் பூச்சு நடக்கும்போது எங்கள் மீன்காரத் தெருவில் தண்ணீர் சுமக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி.

மழைக்கு முன்னால் ஊரே கூடி மசூதிக்குச் சேறு பூசும். விடியற்காலையில் எந்தத் தெருவின் கூடை முதலில் சுவரைத் தொடுகிறதோ, அந்தத் தெரு வருஷம் முழுக்க மீசையை முறுக்கிக்கொள்ளலாம். யாயே தலைவியான நாளிலிருந்து சந்தைத் தெருக்காரர்கள்தான் முறுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெரியவர்கள் அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள்.

"இந்தத் தடவையும் தோத்தா வேற ஆளைப் பாத்துக்குறோம், யாயே."

வீட்டுக்கு வந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பூச்சுக்கு முந்தின நாள் திங்கட்கிழமைச் சந்தை. மத்தியானம் எவனோ அவிழ்த்துவிட்ட மாடுகள் எங்கள் சேற்றுக் குழியின் கரையை உடைத்துவிட்டன. உமி போட்டு, மிதித்து, வாரக்கணக்காகப் புளிக்கவைத்த சேறு. தண்ணீரெல்லாம் ஓடிப்போய், வெயிலில் கட்டி தட்ட ஆரம்பித்தது. ஆறோ கோடையில் எங்கேயோ ஒதுங்கிக் கிடந்தது. தலைச்சுமையாகக் கொண்டுவந்து ஊற்றி மாளாது. பீப்பாய் கட்டிய கழுதை வண்டி வேண்டும். அது இருந்தது வெங்காய வியாபாரி ஒகோபாரா கிந்தோவிடம். சந்தைத் தெருக் குழிக்குப் பொறுப்பாளியே அவன்தான்.

அவன் தோகோன் ஆள், நாங்கள் போஸோ. இரண்டு சனத்துக்கும் கேலி முறை. என்ன ஏசினாலும் கோபிக்கக் கூடாது. முறை சொல்லிக் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது.

யாயே நேராக மசூதி முன்னால் இருந்த அவன் கடைக்குப் போய், வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"ஏண்டா வெங்காயம், உன் எஜமானி வந்திருக்கேன். வண்டியைக் கட்டு."

"எதுக்காம்?"

"எங்க குழிக்குத் தண்ணி கொண்டாறதுக்கு."

"நாளைக்கு எங்களையே ஜெயிக்கிறதுக்கா?"

"பின்ன எதுக்கு?"

கூட்டம் கூடிவிட்டது. ஒகோபாரா தாடையைத் தடவினான்.

"மீன்வாடைக்காரி முறை சொல்லிக் கேட்டுட்டா, தரேன். ஆனா சும்மா இல்ல. எந்திரிச்சு நின்னு, போஸோ எல்லாம் தோகோனுக்கு அடிமைன்னு சந்தை முழுக்கக் கேக்கச் சொல்லு."

செத்தாலும் அவள் வாயிலிருந்து அது வராது என்றுதான் நினைத்தேன். யாயே எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கடைசிக் கடை வரைக்கும் கேட்கும்படி சொன்னாள். சிரித்தார்கள் பாருங்கள், பாவிகள்.

ஒகோபாரா தானே வண்டி ஓட்டினான். அவன் தெருக்காரர்கள் வழிமறித்துக் கத்தினார்கள்.

"உனக்குப் புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா?"

"முறை கேட்டுட்டாப்பா. நான் என்ன பண்ண?"

பொழுது சாய்வதற்குள் குழி நிறைந்தது. முழங்கால் முட்ட இறங்கி எல்லாரும் மிதித்தோம். சேறு வெண்ணெயாகக் குழைந்தது.

விடிந்ததும் முரசு அடித்தார்கள். எங்கள் ஆட்கள் ஓடிய ஓட்டத்தை என்ன சொல்ல! சந்தைத் தெரு ஆட்கள் திருப்பத்தில் வரும்போதே எங்கள் கூடை சுவரைத் தொட்டுவிட்டது. சுவரில் நீட்டியிருக்கும் பனங்கட்டைமேல் நின்ற கொத்தனார் முதல் கை சேற்றை அப்பினார். நாங்கள் குலவையிட்டோம். யாயே நிறுத்தவே இல்லை, மூச்சு முட்ட முட்டக் குலவையிட்டாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன்.

அப்போது ஒகோபாரா சேறும் சகதியுமாக வந்து அவள் முன்னால் நின்றான். நேற்றைய ஏச்சுக்குப் பதில் கொடுக்க யாயே இடுப்பில் கைவைத்து வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அத்தனை குலவையில் குரல் மொத்தமாகப் போயிருந்தது. இன்னொரு தடவை முயன்றாள். அதே காற்றுதான். இந்த நேரம் பார்த்தா?

ஒகோபாரா கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. தோகோன் எல்லாம் போஸோவுக்கு அடிமை. எஜமானிக்குத் தொண்டை கட்டிப்போச்சு, அதான் நானே சொல்றேன். ஆனா இன்னிக்கு ஒருநாள்தான்."

யாயே சத்தமே வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். முதல் கூடையிலிருந்து ஒரு கை சேறு அள்ளி, அந்தக் கடைசிப் பேச்சைப் பேசிய வாயிலேயே அப்பினாள்.