வெற்றிலைத் தட்டில் வைத்த அட்வான்ஸ்

நான் கபடி ஆடிய காலத்தில் என்னைக் கேட்டு எங்கள் வீட்டுக்கு இரண்டு கல்லூரிகள் வந்தன. இன்றைக்கு இதைச் சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், எனக்கென்ன. அன்றைக்கு நான் ரைடு போனால் எதிரே நிற்கிற ஏழு பேரில் நாலு பேராவது பின்னால் நகர்வார்கள்.

ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டமாகவில்லை. எதற்கெடுத்தாலும் விழுப்புரத்துக்கு ஓடவேண்டும். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுகிறவர்கள். கையகல நிலம்கூடச் சொந்தமாகக் கிடையாது. சீசனுக்கு முன்னால் வெட்டுக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி வீடு வீடாக வருவார். கையில் ஒரு தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, அதன் மேல் அட்வான்ஸ் பணம். காகிதம், கையெழுத்து ஒன்றும் கிடையாது. பணத்தில் கை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அந்த சீசன் முழுக்க அவர் சொல்கிற காட்டில் வெட்டியாக வேண்டும். காய்ச்சலில் படுத்தால் அந்த நாள் கணக்கில் சேராது. அதற்குப் பெயர் நாள் கழிப்பது. ஒரு தடவை அப்பாவுக்குக் கணுக்காலில் கத்தி பட்டு இருபது நாள் வீட்டில் கிடந்தார். அந்த இருபது நாளையும் மறு வருஷம் கூலியில்லாமல் வெட்டிக் கழித்தார். நான் அப்போது ஆறாம் வகுப்பு. அவர் நொண்டிக்கொண்டே லாரி ஏறியது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது கள்ளக்குறிச்சியில் பள்ளிகளுக்கான போட்டி நடந்தது. கடைசி ஆட்டம் எங்களுக்கும் கல்வராயன் மலையிலிருந்து வந்த பள்ளிக்கும். மலைப் பெண்கள் காலைப் பிடித்தால் உடும்புப்பிடிதான். கடைசி ரைடில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு, முதுகில் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு கோட்டில் வந்து விழுந்தேன். ஜெயித்தோம். எழுந்து மண்ணைத் துப்பும்போது ஓரத்தில் இரண்டு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டவர். இன்னொருவர் குடை பிடித்த ஒரு அம்மா. இரண்டு பேரும் நோட்டில் என்னவோ எழுதினார்கள்.

பரீட்சை முடிவு வந்த வாரமே கறுப்புக் கண்ணாடிக்காரர் காரில் வந்து இறங்கினார். ஒரு தனியார் கல்லூரியின் விளையாட்டு ஆள். தெருவே கூடிவிட்டது. அவர் வாயில் சர்க்கரை தடவி அனுப்பியிருந்தார்கள் போலிருக்கிறது.

"படிப்பு ஃப்ரீ, ஹாஸ்டல் ஃப்ரீ, தினமும் முட்டை. மாசாமாசம் கைச்செலவுக்கு ரெண்டாயிரம். இது இப்பவே கையில" என்று சொல்லி, ஒரு தட்டை நீட்டினார். வெற்றிலை பாக்கு, பூ, பழம், மேலே பதினைந்தாயிரம் ரூபாய். கிராமத்தில் இப்படிக் கொடுப்பதுதான் மரியாதை என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், பாவம். அவர் நினைத்தது நல்ல காரியத்துக்கு வைக்கிற தாம்பூலம். அப்பா கண்ணுக்குத் தெரிந்தது மேஸ்திரியின் தட்டு.

அப்பா அதைத் தொடவில்லை. "எத்தினி சீசன் சார்?" என்று கேட்டார்.

"சீசனா? டிகிரி மூணு வருஷங்க."

"வருசத்துக்கு எத்தினி நாள் ஆடணும்?"

"அதுக்கெல்லாம் கணக்கு இல்லீங்க. மேட்ச் இருக்கறப்ப ஆடணும்."

"காலு ஒடஞ்சிட்டா?"

அவர் சிரித்தார். "நல்லது பேசறப்ப அபசகுனமா பேசாதீங்க. உங்க பொண்ணு சிங்கம்."

"சிங்கத்துக்கும் காலுதான சார் இருக்குது. ஒடஞ்சா இன்னா பண்ணுவீங்க, அத்த சொல்லுங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெருவே பார்க்கிறது, கார் நிற்கிறது, இந்த மனுஷன் கரும்பு வெட்டுக் கணக்கு பேசிக்கொண்டிருக்கிறாரே என்று மானம் போயிற்று. எனக்கு எப்போதுமே எடுத்தேன் கவிழ்த்தேன் புத்தி. எட்டித் தட்டிலிருந்த பணத்தை எடுத்துவிட்டேன்.

"அடிப்பாவி!" என்றாள் அம்மா.

வந்தவருக்கு வாயெல்லாம் பல். மார்க் சீட்டும் டிசியும் ஒரிஜினல் வேண்டும் என்றார். ஓடிப்போய் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கார் போன பிறகு அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "கை நீட்டி வாங்கிட்ட பாப்பா. இனிமே போயித்தான் ஆவணும்."

நான் சும்மா இருந்தேனா? பணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். ஒரு ஜோடி ஷூ வாங்கினேன், ஒரு சுடிதார் வாங்கினேன், எங்கள் அணிப் பெண்கள் எல்லோருக்கும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் காசு கொடுத்து மற்றவர்கள் சாப்பிட்டார்கள். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் குறைத்துச் சொல்ல மாட்டேன். மூவாயிரம் கரைந்தது.

ஐந்தாம் நாள் குடைக்கார அம்மா வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் நடந்தே வந்திருந்தார். கடற்கரைப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் விளையாட்டு ஆசிரியை. அப்பா அவருக்கு மோர் கொடுக்கச் சொல்லிவிட்டு, "பேச்சு முடிஞ்சிபோச்சி மேடம். பாப்பா வேற எடத்துல கை நீட்டிடுச்சி" என்றார். மேடம் முகம் வாடிவிட்டது. மோரைக் குடித்துவிட்டு எழுந்தார். அப்பாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"ஒண்ணு கேக்கறன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆடற பொண்ணுக்குக் காலு ஒடஞ்சிட்டா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"ஒடையுதுங்களே" என்றார் மேடம். "வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பேருக்கு ஒடையுது. இப்பகூட ஒரு பொண்ணு கட்டுப் போட்டுக்கினு ஹாஸ்டல்ல கெடக்குது."

"சோறு?"

"மெஸ்லதான்."

"நாளு கழிப்பீங்களா?"

"எந்த நாளங்க?" என்றார் மேடம். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அப்பா அவரை உட்காரச் சொன்னார். "இத்த எழுதித் தருவீங்களா?"

"காசு தர முடியாதுங்க, எங்க காலேஜுல அதுக்கு வழியில்ல. ஃபீஸ் கெடையாது, ஹாஸ்டலுக்கும் காசு கெடையாது, சாப்பாடு உண்டு, அவ்வளவுதான். எழுத்து வேணும்னா பிரின்சிபால்கிட்ட கேட்டு வாங்கி அனுப்பறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கே மாசம் இரண்டாயிரம், இங்கே ஒரு காகிதம். ஆனால் அந்தக் காகிதம் ஒரு வாரத்தில் ரிஜிஸ்டர் தபாலில் வந்துவிட்டது. நான்தான் படித்துக் காட்டினேன். காயம் பட்டு ஆட முடியாமல் போனாலும் படிப்பு முடிகிறவரை இடமும் விடுதியும் சாப்பாடும் உண்டு என்று எழுதி, கையெழுத்தும் சீலும் போட்டிருந்தது.

"போவச் சொல்லல, வாணாம்னும் சொல்லல. கை நீட்டினது நீ. நீயே சொல்லு" என்றார் அப்பா.

திட்டியிருந்தாலாவது முறைத்துக்கொண்டு காரில் வந்தவரிடமே போயிருப்பேன். நீயே சொல்லு என்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. மறுநாள் கடைத்தெருவில் இருந்த போனிலிருந்து கறுப்புக் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டு, அப்பா கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன்.

"உன்னுது ஸ்போர்ட்ஸ் சீட்டும்மா. ஆடினாதான சீட்டு?" என்றார் அவர். குரலில் கோபமில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னார். போனை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். நொண்டிக்கொண்டு லாரி ஏறிய அப்பாதான் நினைப்புக்கு வந்தார்.

"மேடம்கிட்டயே போறேன்பா" என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன், ஏனென்றால் மூவாயிரத்தை எங்கே போய்த் தேடுவது? வயிற்றுக்குள் போன பிரியாணியைத் திருப்பித் தர முடியுமா?

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் மூவாயிரம் இருந்தது. வெட்டு இல்லாத ஆனி மாசத்தில் யாரும் அட்வான்ஸ் கேட்க மாட்டார்கள், மேஸ்திரியும் தர மாட்டார். அப்பா தானாகவே தேடிப்போய், வரப்போகிற சீசனுக்கு வாங்கிவிட்டார். என்னை ஒரு தட்டிலிருந்து எடுக்க அவர் மேஸ்திரியின் தட்டில் கை வைத்துவிட்டார். "எனுக்கு இது பழக்கந்தான, நீ ஏன் மூக்க சிந்திக்கினு கெடக்கற?" என்றார்.

இரண்டு பேருமாக அந்தக் கல்லூரிக்குப் போனோம். அப்பா வழியில் ஒரு தட்டு வாங்கினார். வெற்றிலை, பாக்கு, பூ, பழம், மேலே முழுசாகப் பதினைந்தாயிரம். ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள், ஏதோ கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

"வாங்கின மாதிரியே குடுக்கறன் சார். பாப்பா சின்னது, அவசரப்பட்டுடுச்சி. மன்னிச்சிக்கணும்" என்று அப்பா இரண்டு கையாலும் நீட்டினார். இருபது வருஷத்தில் அவர் அட்வான்ஸ் வாங்கிவிட்டுப் பேச்சு மாறியதே இல்லை.

கறுப்புக் கண்ணாடிக்காரர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நல்லவேளை, அவரும் மனுஷன்தான். "பணம் திரும்பி வந்து நான் பாத்ததே இல்லீங்க" என்று முணுமுணுத்துவிட்டு, பீரோவைத் திறந்து என் சான்றிதழ்களைக் கொடுத்தார். வாசலில் வந்து நின்று, "எங்க ஆடினாலும் லெஃப்ட் சைடுல கால உடாத, புடிச்சிடுவாங்க" என்று எனக்கு ஒரு யோசனையும் சொன்னார்.

அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. முதல் வருஷம் தை மாசத்தில், கல்லூரிகளுக்கான போட்டியில் இடது பக்கம் காலை விட்டேன், பிடித்தார்கள். முழங்காலுக்குள் மளுக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. டாக்டர், இனிமேல் கபடி வேண்டாம் என்றார். ஹாஸ்டலில் கட்டோடு படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து அழுதேன்.

அப்பாவுக்குத் தகவல் போனது. அவர் அப்போது களமருதூர் பக்கம் வெட்டில் இருந்தார், அந்த மூவாயிரத்துக்கும் சேர்த்து வெட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையிலேயே வந்து நின்றார். கையெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கோடு. மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அதற்குள் அந்தக் காகிதம். வேலைக்காட்டிலும் மடியிலேயே வைத்திருந்திருக்கிறார், கவருக்குள்ளும் வியர்வை இறங்கி சீல் கலங்கிப் போயிருந்தது.

சண்டை போடத் தயாராகத்தான் வந்திருந்தார். மேடம் வந்ததும் கவரை முன்னால் நீட்டினார். மேடம் அதை வாங்கவேயில்லை. "அது எதுக்குங்க? நான் வாங்கி அனுப்பினதுதான. வாங்க, மெஸ்ல இட்லி ஆறிப்போவுது" என்றார்.

அப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டு வந்த வசனம் வீணாகிவிட்டது. என்னிடம் காகிதத்தைக் கொடுத்து, "படி" என்றார். படித்தேன். "இன்னொரு தபா படி." படித்தேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார்.

"எனுக்கு யாரும் இத்த மாதிரி எழுதிக் குடுத்ததில்ல பாப்பா" என்றார்.

பிறகு என் நோட்டைக் காட்டி, "இதே மாதிரி ஒண்ணு எழுதிக் குடு. வெட்டு ஆளுங்களுக்கு. கத்தி பட்டாலும் நோவு வந்தாலும் நாளு கழிக்கக் கூடாதுன்னு" என்றார். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டே எழுதினேன். மேடம் இரண்டு பிழை திருத்தினார். நான் கல்லூரியில் சேர்ந்து உருப்படியாக எழுதிய முதல் எழுத்து அதுதான்.

மூன்று வருஷமும் படித்து முடித்தேன், ஒரு வேளைச் சாப்பாடு குறையவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அது அல்ல. என் கால் உடைந்ததற்கு மறு சீசனுக்கு மேஸ்திரி எங்கள் தெருவுக்குத் தட்டோடு வந்தபோது அப்பா பணத்தைத் தொடவில்லை. நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்துத் தட்டின் மேல் வைத்தார். மேஸ்திரி படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாய்யா, நீயும் காலேஜுக்குப் போறியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் தட்டைத் தொடவில்லை. அதற்கடுத்த வீட்டிலும் தொடவில்லை, அப்பா முன்பே வீடு வீடாகப் போய் அந்தக் காகிதத்தைக் காட்டி வைத்திருந்தார். தெருக்கோடிவரை போய்விட்டு, வெற்றிலை வாடிப்போன தட்டோடு எங்கள் வாசலுக்கே திரும்பி வந்தார்.

"பேனா இருக்குதா?" என்றார்.