யுவேஷியா என்றொரு ரேடார்

சூசினுக்குப் பொறாமை வந்தால் பசி கூடிவிடும். தம்பி மனைவி மாகோங் நகரத்துக் கடைத்தெருவில் இரண்டாவது கடை திறந்த அன்று, திறப்பு விழாவிலேயே விருந்தினருக்கு வைத்த ஒரு தாம்பாளம் பூசணிச் சேமியாவைத் தனியாளாகத் தின்று தீர்த்தவள் அவள். அது ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரியும்.

தீவின் வடமுனையில், வாடைக்காற்று ஜன்னலை ஓயாமல் உலுக்கும் ஒட்டுக்கேட்பு நிலையத்தில் அவளுக்கு வேலை. அக்கரைக் கப்பல்கள் வீசும் ரேடார் அலைகளைப் பிடித்து, எது எவருடையது என்று இனம் பிரித்துத் தொகுப்பில் ஏற்ற வேண்டும். அந்தத் தொகுப்பைப் பார்த்துத்தான் நம் கப்பல்களில் உள்ள கருவி, எதிரே வருவது ரோந்துப் படகா போர்க்கப்பலா என்று எச்சரிக்கும்.

புது அலையை முதலில் பிடிப்பவர் அதற்குச் செல்லப்பெயர் வைப்பது நிலையத்து வழக்கம். தலைமையகம் எண் கொடுக்கும். அந்த எண்ணை யாரும் வாயால் சொன்னதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பது 'மாமியார்'. தினமும் மாலையில் தவறாமல் வருவது 'குப்பை வண்டி'. பிடித்தவரைத் தவிர வேறு எவரும் பெயரை மாற்றக் கூடாது.

இந்த வருடம் இனம் பிரிக்கும் வேலைக்கு இயந்திரம் வந்தது. பழைய பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 'இவை இரண்டும் ஒன்றே, இணைக்கலாமா?' என்று கேட்கும். ஆம் என்றால் ஒரு தட்டு தட்டினால் போதும். இல்லை என்றால் காரணம் எழுத வேண்டும். இரண்டும் சூசினின் பொறுப்பு.

அன்று இயந்திரம் கேட்டது, மாமியாரோடு யுவேஷியாவை இணைக்கலாமா என்று.

"யாரு இந்த யுவேஷியா?" என்று பக்கத்து மேசை சார்ஜென்ட் கூவிடம் கேட்டாள்.

கூ தேநீர்க் குடுவையை மூடிவிட்டுச் சிரித்தார். "உன் வீட்டுக்காரன் பிடிச்சது. அவன் வச்ச பேருதான். அப்போ நீ இங்க வேலைக்கு வரல. துறைமுக வாசல்ல மீன் உருண்டை சூப் விக்கிறாளே, அவ."

"அந்த குண்டு அக்காவா?"

"அப்போ குண்டா இல்ல."

இந்தக் கடைசி வார்த்தையைக் கூ சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் கணவன் சிங்யுவான் வாங்கி வரும் சூப் அந்தக் கடையினுடையதுதான். இத்தனை வருடம் அதை ரசித்துக் குடித்து, கிண்ணத்தின் அடியில் கிடந்த செலரித் தழைத் துணுக்கைக்கூட வழித்தவள் சூசின்.

சிங்யுவான் இதே நிலையத்திலிருந்து ஓய்வு பெற்று, இப்போது மீன்பிடிப் படகுகளின் கருவிகளைப் பழுதுபார்க்கிறான். மாலையில் அவள் வீடு திரும்பியபோது தொட்டியில் கணவாய் மீனை அறுத்துக் கழுவிக்கொண்டிருந்தான்.

"யுவேஷியா யாரு?"

"சூப்புக்காரி." கத்தி நின்றது. "ஓ, அதுவா. அது இன்னும் இருக்கா?"

"இருக்கு. சௌக்கியமா இருக்கு. மாமியாரோட இணைக்கலாமான்னு இயந்திரம் கேக்குது. ஏன் அந்தப் பேரு?"

"அவ மூச்சு விடாம பேசுவா. நடுவுல டக்குனு நிப்பாட்டிட்டு ஆள் வருதான்னு தெருவைப் பாப்பா. அப்புறம் விட்ட இடத்துலேருந்து ஆரம்பிப்பா. அந்த ரேடாரும் அப்படித்தான்."

"ரொம்ப உன்னிப்பாத்தான் கேட்டிருக்க."

"கேக்குறதுதானே என் வேலை."

"என் பேருல எதையாவது பிடிச்சியா?"

"உன்னத்தான் வீட்டுலயே கேக்குறேனே, ஆசின்."

ஆசின் என்று அவன் செல்லமாகக் கூப்பிட்டும் அவள் சிரிக்கவில்லை. "பேர மாத்து."

"மாத்தறேன். உன் பேர வைக்கச் சொல்லி எழுதித் தரட்டுமா?"

"எதிரியோட கப்பலுக்கா? என் பேரையா?"

"அவ பேர வச்சதுக்குத்தானே இவ்வளவு கோவம்."

"நீ ஒண்ணும் எழுத வேணாம், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டாள்.

பார்த்துக்கொள்ள ஒரே ஒரு தட்டுதான் தேவை. இணைத்துவிட்டால் யுவேஷியா மாமியாருக்குள் கரைந்துபோவாள். அந்தப் பெயரை இனி எவரும் சொல்லப்போவதில்லை. இணைக்காவிட்டால், தனித்து நிற்கும் பதிவாகச் செல்லப்பெயரோடு எல்லாக் கப்பல்களுக்கும் போவாள். இயந்திரமே ஒன்று என்று சொல்லும்போது, சூசினை யார் கேள்வி கேட்கப்போகிறார்கள்?

மறுநாள் காலை விரலை விசையின் மேல் வைத்தாள். மாமியார் வெறும் ரோந்துப் படகு. யுவேஷியா போர்க்கப்பல் என்று சிங்யுவான் பதிந்திருக்கிறான். இரண்டும் வேறாக இருந்து இணைத்துவிட்டால், போர்க்கப்பல் வரும்போது நம் கருவி வாயை மூடிக்கொண்டிருக்கும். இயந்திரம் ஒப்பிட்டது துண்டு துண்டாக. நடுவில் நிற்கிறதா என்பது முழுப் பதிவையும் கேட்டால்தான் தெரியும்.

விரலை எடுத்தாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

மதியச் சாப்பாடு முடிந்தும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று வேண்டாத குறை. ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்த ஒலி சட்டென்று நின்றது; ஒரு மூச்சு நேரம் கழித்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. வெகுநேரம் கழித்து மறுபடியும் அதே. மாமியாரின் பதிவில் அப்படி ஒரு நிறுத்தமும் இல்லை. அவன் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் இன்னும் எரிந்தது. ஒருத்தியின் பேச்சு எங்கே நிற்கும் என்று தெரிய, அந்தக் கடை முக்காலியில் எத்தனை கிண்ணம் சூப் குடித்திருக்க வேண்டும்?

காரணம் எழுதினாள். 'சீராகப் போகும்; இடையில் நிறுத்தும்; விட்ட இடத்திலேயே தொடரும். வேறு எதற்கும் இந்தப் பழக்கம் இல்லை. இணைக்கக் கூடாது.' முதலில் 'அலட்டலாக நிறுத்தும்' என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு சொல்லை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினாள்.

மேலதிகாரி கேப்டன் கோ படித்துவிட்டு அவள் மேசைக்கே வந்தான். "அருமையா எழுதியிருக்கீங்க, அக்கா. கூட்டத்துல விட்டாலும் கண்டுபிடிச்சிடலாம்."

"கண்டுபிடிக்கணும்னுதானே எழுதறது" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வீட்டில் சிங்யுவான் வாசலிலேயே காத்திருந்தான். "இணைச்சிட்டியா?"

"உன் ஆளு தனியாத்தான் இருக்கா. இனிமே எல்லாக் கப்பலுக்கும் போவா."

அவன் முகம் மலர்ந்தது. "நிஜமாவா? நான் பிடிச்சதா? அந்த நிறுத்தத்தைக் கேட்டியா? அது ஒவ்வொரு தடவையும்..." என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லத் தொடங்கினான். சூப்புக்காரி அவன் நினைவிலேயே இல்லை என்பது சூசினுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை.

"எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றாள். "நேத்து காலைல நான் உங்கிட்ட என்ன சொன்னேன்? சொல்லு பாப்போம்."

ஆட்டிக்கொண்டிருந்த கையை அவன் இறக்கினான். "கேஸ் சிலிண்டருக்குச் சொல்லச் சொன்ன."

"அது முந்தாநாள்."