கள்ளியின் நாலாம் பாகம்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு நான் கல்யாணமாகி வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. பதுளை மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு வருடம் படித்தவள். கூலிக்காரர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பெண்களில் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கொழுந்து பறிப்பதில் கடைசி ஆளும் நானே.

பதுளையிலிருந்து மாதம் ஒருமுறை துணி மூட்டையோடு வரும் முஸ்லிம் வியாபாரியை எல்லாரும் நானா என்போம். ஒரு தடவை அவர் மூட்டைக்குள் மெல்லிய அச்சுப் புத்தகம் ஒன்று இருந்தது. திருடுவதில் கெட்டிக்காரியான ஒரு கள்ளியின் கதை. பாகம் பாகமாகச் சென்னையிலிருந்து கப்பலில் வருகிறதாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லயத்து வாசலில் உட்கார்ந்து உரக்க வாசித்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சுளகைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அந்தக் கள்ளிக்கு முன்பல் ஒன்று உடைந்திருக்கும். ஏழு மதில் தாண்டுவாள். அரக்கனின் தாடியிலிருந்தே சாவியை உருவுவாள். யாருக்கும் பயப்பட மாட்டாள். மூன்றாம் பாகம் முடியும்போது பாதாளக் கிணற்றில் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறாள். கீழே ராட்சதப் பாம்பு, மேலே மந்திரவாதி கயிற்றை அறுக்கிறான்.

அதோடு மழை பிடித்துக்கொண்டது. மண் சரிந்து பாதை மூடிவிட்டது. இரண்டு மாதம் நானா வரவில்லை.

"கயிறு அறுந்துச்சா இல்லையாடி?" என்று மலையில் நிரைக்கு நிரை கேட்டார்கள். லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பராவில் நிறைமாதக்காரி ஒருத்தி இருந்தாள். "எனக்குப் புள்ள பொறக்குறதுக்குள்ள தெரிஞ்சாகணும்" என்று என் கையைப் பிடித்தாள். அவள் கண்ணைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"நாலாம் பாகம் வந்திருச்சு" என்று பொய் சொன்னேன்.

மூன்றாம் பாகத்தைக் கையில் விரித்துக்கொண்டு, வாய்க்கு வந்ததை வாசித்தேன். கயிறு அறுந்தது. கள்ளி விழுந்தாள். ஆனால் முதுகில் கூடை கட்டியிருந்தாள். அந்தக் கூடையைப் பாம்பின் தலையில் கவிழ்த்து, அதன் மேலேயே ஏறி நின்றாள்.

"அவளும் கூடையா தூக்குறா?" என்று ஒருத்தி கத்தினாள்.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. விடியுமுன்னே தப்பு மேளம் அடித்து ஊரையே எழுப்புகிறவன் அந்த மந்திரவாதி என்றேன். கள்ளி அந்தத் தப்பையே திருடிக்கொண்டு போனாள். மறுநாள் நாடே உச்சி வெயில்வரை தூங்கியது.

எங்களைத் தினமும் விடியலில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்கு எழுப்புவதும் தப்புச் சத்தம்தான். பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். நிமிர்ந்து பார்த்தால், எங்களை வேலை வாங்கும் கங்காணி நிற்கிறார்! சிரிப்பு அப்படியே நின்றது. அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"அப்புறம்?" என்றார். "தப்பக் கொண்டுபோய் எங்க வச்சா?"

பாதை திறந்ததும் நானா நிஜமான நாலாம் பாகத்தோடு வந்தார். அதில் குதிரையில் ஓர் இளவரசன் வருகிறான். கள்ளியைத் தூக்கி விடுகிறான். அவள் அவன் காலில் விழுந்து, இனித் திருடமாட்டேன் என்று அழுகிறாள். வாசித்து முடித்தேன். கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த அந்த அடுத்த காம்பராக்காரிதான் முகத்தைச் சுளித்தாள்.

"இது யாரோ வேற ஒருத்தி. நம்மாளு அழமாட்டா. நீ உன்னோடத வாசி."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

என் நாத்தனார் சத்தம் போட்டுச் சிரித்தாள். "மூணாம் பாகத்து அட்டையில இருந்த அதே ஒட்டகந்தானே அன்னிக்கும் இருந்துச்சு? எழுத்துத்தான் தெரியாது, ஒட்டகங்கூடவா தெரியாது?"

நானா விஷயத்தைக் கேட்டு, மூட்டைமேல் சாய்ந்துகொண்டு, "அப்ப என்ட புத்தகத்த யாரு வாங்குவா? சரி, உங்கட கதையச் சொல்லுங்க, நானும் கேக்குறேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு புத்தகமே இல்லாமல் ஞாயிறுதோறும் கதை ஓடியது. ஆளுக்கொரு வேண்டுதல் வைத்தார்கள். ஒருத்திக்கு அரண்மனைச் சமையற்காரி வேண்டும். இன்னொருத்திக்கு அட்டை கடிக்காத காடு வேண்டும். நாத்தனார் மட்டும் ராணியின் கம்பளியைத் திருடித் தரச் சொன்னாள்.

"சிவப்புக் கம்பளி" என்றாள். "புதுசா இருக்கணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே திருடிக் கொடுத்தேன்.