கறி வாளி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட நான், சண்டையால் வவுனியாப் பாதை பூட்டியிருந்ததால் வன்னியில் நின்றுவிட்டேன். திறக்கும்வரை எங்கே தங்குவது என்று விசாரித்தபோது, கிளிநொச்சிக்கு உட்புறமாக ஒரு குளக்கரையில் இருந்த தியான மடத்தைக் காட்டினார்கள். பத்து நாள் மௌன தியானத்துக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள்.

"சமையலுக்கு ஆள் காணாது. நிண்டு உதவி செய்தால் இடமும் சாப்பாடும் தருவம்" என்றார் பொறுப்பாளர்.

மௌனம் எனக்குச் சரிவராது. குசினியில் பேசலாம் என்றார்கள், அங்கே போனேன்.

அங்கே ஏற்கெனவே ஒரு பெண் இருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். அவளுடைய பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இனக் கலவரத்துக்குப் பயந்து வந்து, குளத்துக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவளும் சம்பளமில்லாமல்தான் சமைத்தாள். காலையில் வரும்போதே சாப்பாட்டுக்குத் தாமரை இலை பறித்துக்கொண்டு வருவாள். ஈர விறகை ஊதி ஊதி நான் எரிச்சல்பட, அவள் சிரித்தபடி ஒரு சிராயைச் செருகுவாள், அடுப்பு பற்றிக்கொள்ளும். அவளுடைய பூசணிக்காய்க் கறி மிளகாய் தூக்கலாக நல்ல உறைப்பு. பந்தியில் எல்லாருக்கும் ஒரு அகப்பைதான். குசினியில் எனக்கு மட்டும் இரண்டு வைப்பாள்.

பந்தியில் நான் சோறு போட, அவள் கறி வாளியோடு பின்னால் வருவாள். மூன்று நாளாக ஒன்றைக் கவனித்தேன். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் என்னிடம் சோறு வாங்கினார். அவள் வந்ததும் இலையைக் கையால் மறித்தார். பிறகு நான் கொண்டுபோகும் தேங்காய்ப்பால் சொதியை மட்டும் வாங்கிக்கொண்டார். தோட்டத்து ஆட்களின் கையால் சாப்பிடாத வீடுகள் எங்கள் பக்கம் உண்டு. என் வீடும் அப்படித்தான் இருந்தது. தியானத்துக்கு வந்தும் இந்தக் குணம் போகவில்லையே என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. பேசக் கூடாத இடமென்பதால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் குசினி வாசலில் வாளியை வாங்கினேன்.

"நீங்கள் இஞ்சையே நில்லுங்கோ தங்கச்சி. நானே குடுக்கிறன்."

அவள் என்னைப் பார்த்தாள். கையை விட்டாள்.

என் கையால் வாங்குவாரா என்று பார்க்க, வேண்டுமென்றே ரீச்சரின் முன்னால் போய் நின்றேன். அவர் எனக்கும் இலையை மறித்தார். மற்றக் கையால் வயிற்றைத் தடவிக் காட்டி, உறைப்பு ஒத்துக்கொள்ளாது என்பதுபோல் தலையாட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குசினிக்கு ஓடினேன்.

"அவா எனக்கும் மறிச்சுப்போட்டா! வயித்துக் கோளாறாம். நான்தான் பிழையா நினைச்சிட்டன்."

அவள் பானை கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவங்க மறிச்சப்பவே வயித்துல ஏதோ நோவுன்னுதான் நெனச்சேன்க்கா. நீங்க வாளிய வாங்குனப்பதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ரீச்சரிடம் இல்லாத நினைப்பு எனக்குள்ளேதான் இருந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒன்னுமில்லக்கா" என்றாள். ஆனால் மறுநாள் வாளியை நீட்டியபோது வாங்கவில்லை. "நீங்களே போங்க" என்றாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. கறியில் குறையில்லை, கதைதான் குறைந்துபோனது. குசினியிலும் மௌனம் வந்துவிட்டது.

ஏழாம் நாள் பாதை திறந்ததாகச் செய்தி வந்தது. அன்று மத்தியானம் சோற்றையும் கறியையும் அடுப்பங்கரையிலேயே விட்டுவிட்டு, ஒரு தாமரை இலையோடு போய்ப் பந்தியின் கடைசியில் உட்கார்ந்தேன். பரிமாற யாரும் இல்லை. எல்லாரும் வெறும் இலைக்கு முன்னால் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். முதலில் சோறு போட்டாள். பிறகு கறி வாளியோடு வந்தாள். ரீச்சர் வழக்கம்போல மறித்தார். அவள் புன்னகைத்துக் கடந்தாள். என் இலைக்கு வந்ததும் ஒரு அகப்பை வைத்தாள். ஒன்றுதான். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் திரும்பிப் போய்விட்டாள்.

குனிந்து, இலையில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.