ஆஸ்பத்திரியில் இரண்டு, மண்டபத்தில் மூன்று

தலைவரின் இரண்டு பேச்சுகளுக்கும் நான்தான் மைக் கட்டினேன்.

ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. மானிட்டர், ஸ்டெரிலைசர், ஆபரேஷன் தியேட்டர் விளக்கு என்று என் பொறுப்பில் உள்ளவற்றின் பட்டியல் நீளம். ஆனால் ஒயர் தெரிந்தவள் என்று இந்த ஊரில் ஒருமுறை பெயர் எடுத்துவிட்டால், ஒயர் உள்ள எல்லாமே நம் தலையில் வந்து விழும். நான் குடியிருக்கும் டெய்ரி ஃபார்ம் பகுதியில் யார் வீட்டு இன்வெர்ட்டர் நின்றாலும் எனக்குத்தான் போன் வரும்.

தலைவர் என்று நான் சொல்வது எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவரை. ஒப்பந்தக்காரர், கட்சிக்காரரும்கூட. முதல் பேச்சு ஆஸ்பத்திரியில், குடும்பநல வாரத்தின் தொடக்க விழாவில். இந்தியில் பேசினார். தீவு சின்னது, நிலம் வளராது, குழாயில் தண்ணீர் நாள் விட்டு நாள் வருவதற்கு ஜனத்தொகைதான் காரணம் என்றார். "தோ கே பாத் பஸ்" என்று இரண்டு விரலை உயர்த்தினார். இரண்டுக்குப் பிறகு போதும். எங்கள் தெருவில் அப்போது தண்ணீர் வராததற்குக் காரணம் பம்ப் மோட்டார் எரிந்துபோனதுதான். அதைப் பார்க்கவும் என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

இரண்டாவது பேச்சு அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில், சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில். இது தமிழில்.

"நம்ம ஆளுங்க குறைஞ்சிட்டே வர்றோம். மத்தவங்க பெருகுறாங்க. நாளைக்கு நம்மள யாரு மதிப்பா? வீட்டுக்கு மூணாவது வேணும். படிச்ச பொண்ணுங்க யோசிக்கணும்."

மூன்று பிள்ளை பெற்ற குடும்பங்களை மேடைக்கு அழைத்துக் குத்துவிளக்கு கொடுத்தார்கள்.

ஒலிபெருக்கி அருகே உட்கார்ந்து நான் மனதுக்குள் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் பாரம், இங்கே பலம். அங்கே பொறுப்பு என்றது இங்கே சுயநலம். அங்கே நாடு, இங்கே நாம். இரண்டு இடத்திலும் மாறாத சொல் ஒன்றே ஒன்றுதான்: பெண்கள். யார் செய்ய வேண்டும் என்று வரும் இடத்தில் தவறாமல் அது வந்தது. அந்த மண்டபத்தில் இந்தி புரியாதவர் ஒருவரும் கிடையாது. பாதிப் பேர் ஆஸ்பத்திரியிலும் கை தட்டியவர்கள். இந்தியில் சொன்னது தமிழின் காதில் விழாது என்பதுபோல எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாவது வரிசையில் அக்காவும் அத்தானும் இருந்தார்கள். வடகோடியில் இருக்கும் திக்லிபூரிலிருந்து முந்தைய நாள் பஸ்ஸில் வந்திருந்தார்கள். அக்காவுக்கு இரண்டு பெண்கள். இரண்டாவது பிரசவத்தின்போது ரத்தப்போக்கு நிற்காமல் இங்கே அனுப்பிவைத்தார்கள். வழியில் வண்டிகளை ஏற்றும் படகு அக்கரையில் இருந்தது. அது வந்து சேரும்வரை ஆம்புலன்ஸ் துறையிலேயே நின்றது. இன்னொன்று தாங்காது என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை அக்காவுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். அத்தானும் ஒப்புக்கொண்டிருந்தார்.

நீங்களே செய்துகொள்ளலாமே, ஆண்களுக்கான ஆபரேஷன் இதைவிடச் சின்னது என்று அவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"நான் பாக்கு மரம் ஏறுறவன்மா. தெம்பு போயி கீழ விழுந்தா யாரு பாக்குறது?"

"போன தடவ நான் விழுந்தப்ப யாரு பாத்தா?" என்றாள் அக்கா.

கூட்டம் முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் தலைவரே பாயச வாளியுடன் வந்தார்.

"திக்லிபூரா? எத்தனம்மா?"

"ரெண்டு பொண்ணுண்ணே."

"அப்ப மூணாவது சிங்கக்குட்டிதான்!"

"உங்களுக்கு எத்தனண்ணே?"

"ஒண்ணுதான். மெயின்லேண்ட்ல டாக்டருக்குப் படிக்கிறான்."

"மீதி ரெண்டு எங்கண்ணே?"

பந்தியே சிரித்தது. தலைவரும் சிரித்தார். "நம்ம கதை வேறம்மா. கட்சி, சைட்டுனு ஓடுறவனுக்கு நேரம் எங்க?" என்று அக்காவின் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு எழுந்தது. அத்தான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் அவர் சொன்னார்: "தலைவர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. கொஞ்ச நாள் தள்ளிப் பாப்போமா?"

அக்கா பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து, தேதியைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை வார்டில் நர்ஸ் தாளை நீட்டி, "பதி கா சைன்?" என்றார். கணவரின் கையெழுத்து. சட்டப்படி அது தேவையில்லை. அக்காவின் கையெழுத்து போதும். அந்த விதிகள் எழுதிய பலகை அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. அதை மாட்டச் சுவரில் துளை போட்டதே நான்தான். காட்டினேன்.

"ரூல் மாலும் ஹை, தெரியும். நாளைக்கு அந்த ஆள் வந்து சண்டை போட்டா யாரு கேப்பா, நீயா?" என்றார். மலையாளி, என்னிடம் பாதித் தமிழில் பேசுவார். அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. அப்படிப்பட்ட சண்டைகளை அவர் நிறையப் பார்த்தவர். ஆண்களுக்கான ஆபரேஷனுக்கு மனைவியின் கையெழுத்தைக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆண்கள் வந்தும் அதிகம் பார்த்ததில்லை.

அத்தான் வராந்தா பெஞ்சில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எதிரில் போய் நின்றாள்.

"நான் கையெழுத்துப் போடப் போறேன். நீங்க போட்டாலும் போடாட்டியும். படகுக்குக் காத்துக் கெடந்தப்ப என் கையப் புடிச்சிக்கிட்டு என்ன சொன்னீங்க? ஞாபகம் இருக்கா?"

அத்தான் போனை அணைத்தார். பிறகு, "அப்ப சொன்னதுதான். இதோட போதும்" என்று எழுந்து உள்ளே வந்து கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தியேட்டர் விளக்கும் அன்று சதி செய்யவில்லை.

மறுநாள் குடும்பநல வாரத்தின் நிறைவு. தலைவர் பழப் பைகளோடும் புகைப்படக்காரரோடும் வார்டுக்கு வந்தார். முதல் கட்டில் அக்காவுடையது. கேமரா உயர்ந்த பிறகுதான் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"என்னம்மா, வயித்து வலியா?"

"இல்லண்ணே. ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். நீங்கதான சொன்னீங்க, தோ கே பாத் பஸ்னு."

அவர் முகம் ஒரு கணம் எந்த மொழியிலும் இல்லை. புகைப்படக்காரரின் தோளைத் தொட்டு, "இது நம்ம ஆளு. அடுத்த பெட்ல எடு" என்றார்.

அடுத்த கட்டிலில் ஒரு வங்காளிப் பெண். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பையை வாங்கினாள். தலைவர் இரண்டு விரலை உயர்த்தினார். அவளையும் உயர்த்தச் சொன்னார். ஃப்ளாஷ் அடித்தது. திரும்பும் வழியில் அக்காவின் காலடியிலும் ஒரு பையை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சங்கத்துல சொல்லிக்க வேணாம்மா" என்றார்.

"நீங்க சொல்லாம இருந்தா சரிண்ணே."

அவர்கள் போன பிறகு அத்தான் ஆப்பிளை நறுக்கினார். பாதியை அடுத்த கட்டிலுக்குக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். உண்மையாகவே புரியாமல் கேட்டார்:

"ஏன், நம்மள மட்டும் ஏன் போட்டோ எடுக்கல?"

அக்கா வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதீங்க. தையல் இழுக்குது."